திண்ணையில் ஒரு திருச்சி முற்றுகை

யுத்தம் என்பது செல்வந்தர்களுடைய காரியம் என்று சரித்திரம் படித்தவர்களெல்லாம் அறிவார்கள். பொம்மை யுத்தமும் செல்வந்தர்களுடைய காரியமாகவே ஆகிவிட்டது என்பதை அறிந்துகொள்வதற்கு, என்னைப் போல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வித்தையில் இறங்கியவனாக இருக்க வேண்டும். மேஜைமேல் ஒரு தேசத்தைப் பரப்பி, அதில் விரற்கடை உயரமுள்ள சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி ராஜ்யங்களைப் பிடிக்கிற இந்த விளையாட்டுக்கென்று சீமையில் இன்று விற்கிற பொம்மைகளின் விலையை என் பேரன் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினான். என் ஒரு மாதப் பென்ஷனுக்கு ஒரு சிறு படை வரும். அந்தப் படைக்கு எதிரிப் படையும் வேண்டுமானால், அடுத்த மாதப் பென்ஷன் வருகிற வரையில் இரு தரப்பும் சமாதானமாக இருக்க வேண்டும்.

இந்த வித்தைக்கு வெள்ளைக்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி படம், கட்டை, பகடை ஆகியவற்றைக் கொண்டு தம் நாட்டுச் சேனாபதிகளுக்கு யுத்த சாஸ்திரம் போதித்தார். 1913இல் எச். ஜி. வெல்ஸ், அதாவது செவ்வாய்க் கிரகத்து ராட்சதர்களைப் பூமியில் இறக்கிவிட்ட அதே மகானுபாவர், ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகம் போட்டு, வளர்ந்த மனிதர்கள் தரையில் தவழ்ந்து, வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டு, ஈயச் சிப்பாய்களை வீழ்த்துவது நாகரிகத்துக்கு முற்றிலும் உகந்ததே என்று ஸ்தாபித்தார். அவர் வார்த்தையை நான் மறுக்கவில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைச் சேனையையும் அறுபத்து நான்கு கட்டத்துக்குள் அடக்கி உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம் என்பதையும், மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் நடக்கிற சமமற்ற யுத்தத்தைத் திண்ணைக் கல்லிலும் மண்டபத் தரையிலும் கோடு கிழித்து ஆடிய பாட்டன்மார் நமக்கு உண்டு என்பதையும் மட்டும் பணிவுடன் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன். வெல்ஸுக்கு வாய்த்தவை பிரிட்டன்ஸ் கம்பெனியின் ஈயச் சிப்பாய்கள். எனக்கு வாய்த்தவை பற்பசைப் பெட்டியிலிருந்து வந்தவை.

இளைய வாசகர்கள் திகைக்க வேண்டாம். 1960களிலும் 70களிலும் பினாகா பற்பசை வாங்கியவர்கள் அதன் அட்டைப் பெட்டியைத் திறந்தால், டியூபோடுகூடக் கட்டை விரல் நுனியளவு ஒரு பிளாஸ்டிக் பிராணியும் வெளியே விழும். யானை, ஒட்டகம், காண்டாமிருகம், நீர்யானை என்று பிரளயத்துக்கு முன் நோவாவின் கப்பலில் ஏறியவையெல்லாம் வந்தன. ரேடியோ சிலோனில் பினாகா கீத் மாலா கேட்டுவந்த பெரியவர்கள் ஒருவேளை பாட்டின்மேலுள்ள பக்தியால் அந்தப் பற்பசையை வாங்கினார்களோ என்னவோ, எங்கள் சித்திரை வீதிப் பையன்கள் அதை வாங்கச் செய்தது பொம்மைக்காக. டியூப் தீர்ந்தால்தான் அடுத்த பொம்மை வரும் என்ற காரணத்தால், ஒரு நாளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பல் தேய்க்க அக்காலத்துச் சிறுவர்கள் சித்தமாயிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் என் வயதுடையவர்களில் பலருக்குப் பல் இன்னும் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் காவேரி ஜலமென்று பிறர் சொல்வதை நான் நம்புகிறதில்லை.

இந்தப் பற்பசைச் சேனை பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அரை நூற்றாண்டு அஞ்ஞாதவாசம் செய்து வெளிவந்தது. அதனுடன், கோயிலில் ரங்கவிலாச மண்டபத்துக் கடைகளில் அந்தக் காலத்தில் வாங்கிய அமெரிக்கக் குதிரைக்காரர்களும் செவ்விந்தியர்களும், தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள நடைபாதைக் கடைகளில் பை ஒன்றுக்கு இவ்வளவு என்று அள்ளிப்போட்டுத் தந்த பச்சைச் சிப்பாய்களும், ஹாங்காங்கில் வார்த்து எப்படியோ சின்னக் கடை வீதி வரைக்கும் வந்து சேர்ந்த, இரும்புக் கவசமணிந்த ஐரோப்பிய மத்தியகால வீரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவனுக்கும் மற்றொருவனுக்கும் அளவில் சம்பந்தமில்லை. சீமைக்காரர்கள் இந்த விஷயத்தில் மிகவும் ஆசாரசீலர்கள். ஏர்பிக்ஸ் கம்பெனி ஒரே அளவில், ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில், ராபின் ஹூட்டின் கூட்டத்தையும் நாட்டிங்ஹாம் அதிகாரியின் படையையும் வார்த்துப் பெட்டி பெட்டியாக விற்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய பந்தியில் இரண்டு மில்லிமீட்டர் அதிகமுள்ள சிப்பாய் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று கேள்வி.

நமக்கு அந்தச் சங்கடம் கிடையாது. ஏனென்றால் நாம் கொலு வைக்கிறவர்கள். நவராத்திரியில் எங்கள் வீட்டு ஒன்பதாம் படிக்குக் கீழே ஆண்டுதோறும் நிர்மாணமாகிற பூங்காவில், முளைவிட்ட கேழ்வரகுப் புல்வெளிக்கு நடுவே, முகம் பார்க்கும் கண்ணாடியாலான தடாகத்தின் கரையில், ரயில் வண்டியைவிடப் பெரிய புலி ஒன்று நீர் அருந்திக்கொண்டிருக்கும். அதன் முதுகுக்குச் சமமான உயரத்தில் செட்டியாரும் அவர் மனைவியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விற்கிற பூசணிக்காய் பக்கத்திலுள்ள காந்தியடிகளின் தலையைவிடப் பெரிதாக இருக்கும். சுண்டலுக்கு வந்த மாமிகளில் எவராவது இதைப் பார்த்து அளவு தப்பு என்று சொல்லிக் கேட்டதுண்டா? பெரிது சிறிது என்பது பக்தனுடைய கண்ணில் இல்லை. ஆகவே, பற்பசை யானை அமெரிக்கக் குதிரைக்காரனுடைய முழங்கால் உயரம்தான் இருக்கிறதென்ற ஆட்சேபத்தை நான் கொலு சம்பிரதாயத்தை மேற்கோள் காட்டித் தள்ளுபடி செய்துவிட்டேன்.

சேனை சேர்ந்தது, இனி யுத்தம் வேண்டும். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருக்கிற ஒருவன் அதற்காக வாட்டர்லூவுக்குப் போக வேண்டியதில்லை. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் யானைமேல் இருந்தபடியே உயிர்நீக்க, அவர் குமாரர் முகம்மது அலி ஓடிவந்து புகுந்த இடம் திருச்சிராப்பள்ளிக் கோட்டை. அவரைத் துரத்தி வந்தவர் சந்தா சாகிப். சந்தா சாகிப்புக்குப் பின்னால் புதுச்சேரி கவர்னர் டூப்ளே. முகம்மது அலிக்குப் பின்னால் இங்கிலீஷ் கும்பினி. இவர்கள் எழுப்பிய ஆரவாரத்தையெல்லாம் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியிலிருந்தபடியே தம் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டிருந்தார். 1751இல் முற்றுகை கடுமையானபோது, எதிரியின் கவனத்தைக் கலைப்பதற்காக ராபர்ட் கிளைவ் என்ற பையன் ஆற்காட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டதும், அங்கே கதவை உடைக்க நெற்றியில் இரும்புப் பட்டம் கட்டி ஏவப்பட்ட யானைகள் துப்பாக்கிக் குண்டு பட்டதும் திரும்பித் தங்கள் சேனையையே மிதித்துச் சென்றதும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த கதை. மறு ஆண்டு கிளைவும் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸும் திருச்சிக்கு வந்து சேர, பிரெஞ்சுத் தளபதி லா என்பவர் கோட்டைப் பக்கத்தை விட்டு ஆற்றைக் கடந்து எங்கள் தீவுக்குள் வந்து அடைபட்டார். அவர் படை திருவானைக்காவலில். சந்தா சாகிப்பின் படை ஸ்ரீரங்கத்தில். கிளைவோ கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு புதுச்சேரி வழியை அடைத்துவிட்டார். காகித நோட்டு அச்சடித்தே பிரான்ஸ் தேசத்தைத் திவாலாக்கிய ஜான் லா என்ற பிரபல நிபுணரின் சகோதரர் மகன்தான் இந்தத் தளபதி. பெரியப்பா தேசத்தைத் தொலைத்தார், பிள்ளை 1752 ஜூனில் சேனையைத் தொலைத்தார். சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிச் சரணடைந்து தலையை இழந்தார்.

இவ்வளவு விஸ்தாரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த யுத்தத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். முகம்மது அலியின் பக்கம் மைசூர் தளவாய் நஞ்சராஜர், மராட்டியர் முராரி ராவ், தஞ்சாவூர் மானோஜி, புதுக்கோட்டைத் தொண்டைமான். இவர்களோடு சிவப்புச் சட்டை இங்கிலீஷ்காரர்கள், தெலுங்குச் சிப்பாய்கள், பறங்கித் தொப்பிக்காரர்கள். ஒருவருடைய உடுப்பு மற்றவருக்கு இல்லை; ஒருவருடைய பாஷை மற்றவருக்குப் புரியாது; சம்பளம் எல்லோருக்கும் பாக்கி. இப்படிப்பட்ட சேனையை ஒரே அச்சில் வார்த்த, ஒரே உயரமுள்ள, ஒரே மாதிரி வர்ணம் பூசிய விலையுயர்ந்த பொம்மைகளால் காட்டுவதுதான் சரித்திரத் துரோகம்! ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து கொட்டிய என் கும்பலோ, கொட்டிய மாத்திரத்திலேயே கர்நாடக யுத்தம் போல் இருந்தது. மேலும், திருச்சியை மைசூருக்குத் தருவதாகச் சத்தியம் செய்திருந்த முகம்மது அலி காரியம் முடிந்ததும் கையை விரித்துவிட, நஞ்சராஜரும் முராரி ராவும் பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து அதே கோட்டையை மறுபடி முற்றுகையிட்டார்களல்லவா? அந்தக் கட்டத்தில் நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், திண்ணையின் இந்தக் கோடியிலிருந்த செவ்விந்தியக் குதிரைகளைக் கையால் வாரி அந்தக் கோடியில் வைத்ததுதான்.

செவ்விந்தியர்கள் மராட்டியர்களான விதத்தைச் சொல்ல வேண்டும். சேணம் தளர, தலைமயிர் பறக்க, குதிரையின் கழுத்தோடு ஒட்டிச் சாய்ந்து பாய்கிற அந்தப் பொம்மையின் பாவத்தில் முராரி ராவின் ஆட்களுக்குக் குறைவாக ஒன்றுமில்லை. தலையிலுள்ள இறகுக் கிரீடம் ஒன்றுதான் இடைஞ்சல். விளக்கில் காய்ச்சிய பிளேடால் அதைச் சீவிவிட்டு, குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்-சீலின் இரண்டு நிறப் பிசினையும் விரலில் நீர் தொட்டுப் பிசைந்து, நூல் பருமனில் திரித்து, தலையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் முண்டாசு ஆயிற்று. அமெரிக்கக் குதிரைக்காரனின் அகன்ற தொப்பிக்கும் அதே சிகிச்சை. அவன் மைசூர் ராவுத்தன். ஒரு பொட்டலம் எம்-சீலில் ஒரு சமஸ்தானமே முண்டாசு கட்டிக்கொள்ளும்.

பழைய பிளாஸ்டிக்கில் இரு வகை உண்டு: கடினம், மிருது. கடினமானது வர்ணத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் வயதாகிவிட்டால் தொட்ட மாத்திரத்தில் கை வேறு கால் வேறாகப் போய்விடும். மிருதுவானது, அதாவது பாலித்தீன், கீழே விழுந்தாலும் மிதிபட்டாலும் சாகாது. ஆனால் அதன்மேல் எந்த வர்ணமும் நிற்காது. ஈட்டியை ஒரு தடவை வளைத்தால் போதும், எனாமல் செதில் செதிலாக உதிர்ந்து, சிவப்புச் சட்டைக்காரன் உள்ளே பச்சையனாக வெளிப்பட்டு விடுவான். இதற்கு நான் கண்ட பரிகாரம், சோப்பு நீரில் நன்றாகக் கழுவி உலர்த்தியபின் பெவிகாலைச் சிறிது தண்ணீர் விட்டு இளக்கி ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்து கண்ணாடி போல ஆனபின் வர்ணம் தீட்டுவது. வளைந்த ஈட்டிக்கு வைத்தியம் வேறு. பொம்மையைச் சாமணத்தால் பிடித்துக் கொதிக்கிற நீரில் பத்து எண்ணுகிற வரையில் அமிழ்த்தி, ஈட்டியை நேராக நீவி, உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். ஈட்டி விறைத்து நிற்கும். ஆனால் பாலித்தீனுக்கு ஞாபகசக்தி அதிகம்; மூன்று மழைக்காலம் பெட்டியில் எப்படி வளைந்து கிடந்ததோ அப்படியே மெல்ல மெல்லத் திரும்பிவிடும். முராரி ராவின் விசுவாசமும் அப்படிப்பட்டதுதான் என்பதால் நான் அதைத் திருத்த அதிகப் பிரயத்தனம் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கொதிநீர்ச் சிகிச்சை காலைக் காப்பிக்கு வைத்த வால்பாத்திரத்தில் நடைபெறுவதை ஒரு நாள் என் மனைவி கண்டாள்.

“ஏன்னா, இது என்ன டிகாக்‌ஷன் போடற ஜலத்திலே?”

“தஞ்சாவூர் குதிரைப்படை.”

“பேரீச்சம்பழக்காரன் வாசல்லே வரச்சே மொத்தத்தையும் போட்டா ரெண்டு பழமாவது கிடைக்குமோன்னோ?”

“கிடைக்காது. இதெல்லாம் பழங்காலச் சரக்கு. இதுக்கு மதிப்பு தெரிஞ்சவாகிட்டே கொடுத்தா…”

“அப்போ அவாகிட்டேயே கொடுங்கோ. காப்பி வேணும்னா ஜலத்தைக் கொட்டிட்டு வேறே வைக்கணும்.”

காப்பி வேண்டியிருந்தது. அன்று தஞ்சாவூர் குதிரைப்படை பாதி நிமிர்ந்த ஈட்டிகளுடனேயே களம் புகுந்தது.

எதிர்த்தரப்பில் விளையாட ஓர் ஆள் வேண்டுமல்லவா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அகப்பட்டார். கடைசல் வேலைக்காரராகையால் பொம்மைகளுக்கு அடிப்பீடம் செய்வதில் நிபுணர். பழைய காசுகளை ஒட்டினால் பாரமும் கிடைக்கும், சிப்பாயும் சாயமாட்டான் என்ற உத்தி அவருடையது. அவருக்கு ஒரே ஒரு பலவீனம்: பொன்மலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். 1753 ஜூன் 26ஆம் தேதி, காவலிருந்த சிப்பாய்களை வென்று பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குன்றைப் பிடித்துக்கொண்டதும், லாரன்ஸ் சில நூறு பேருடன் ஓடிவந்து, துப்பாக்கியைச் சுடாமல் அதன் முனையில் செருகிய சனியன் என்ற கத்தியைக் காட்டியே கிரனேடியர்களைக் குன்றின்மேல் ஏற்றி அதை மீட்டதும் சரித்திரம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் லாரன்ஸுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆட்டத்தில் நண்பர் எந்தப் பக்கம் ஆடினாலும் முதல் வேலையாகத் தம் பீரங்கிகளையெல்லாம் பொன்மலைமேல் ஏற்றிவிடுவார். “சார், முப்பது வருஷம் அந்த மலையைப் பார்த்துக்கிட்டே டிபன் சாப்பிட்டிருக்கேன். லாரன்ஸ் வரட்டும், எவன் வேணா வரட்டும், கேட்-பாஸ் இல்லாம உள்ள விடமாட்டேன்” என்பது அவருடைய யுத்த தந்திரம் முழுவதும்.

பகடைக்கு நாங்கள் கடைக்குப் போகவில்லை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு வீட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று இருப்பதால், இரண்டையும் சேர்த்து உருட்டினால் விழக்கூடிய வகைகள் பதினாறு. அவற்றில் தாயம் இரண்டு, பன்னிரண்டு ஒன்றே ஒன்று. தாயம் விழுந்தால் துப்பாக்கிக் குண்டு பட்டது, பன்னிரண்டு விழுந்தால் பீரங்கி வெடித்தது என்று வைத்துக்கொண்டோம். எட்டுக்கு ஒரு குண்டுதான் படுமென்பது கஞ்சத்தனமாகத் தோன்றலாம்; ஆனால் உராய்வுக் கல்லால் பற்றவைத்த அக்காலத்துத் துப்பாக்கியை நூறு கஜத்தில் நம்பியவன் யாருமில்லை. தாயம் போட்டவன் மறுபடி உருட்டலாம் என்ற புராதன விதியை நான் விட்டுக்கொடுக்காததால், ஒரு நாள் என்னுடைய ஒற்றைச் சிப்பாய் ஒரே மூச்சில் நண்பருடைய மைசூர்ப் படையில் பாதியை மாய்த்தான். நண்பர் தாயக்கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதை லேத்துல போட்டு ஒரு தடவை சமன் பண்ணணும் சார்” என்றார்.

களம் எங்கள் வீட்டுத் திண்ணை. காவேரியும் கொள்ளிடமும் கோலமாவில் ஓடும். மலைக்கோட்டைக்கு ஆட்டுக்கல் குழவியைச் செங்குத்தாக நிறுத்தினோம். பொன்மலைக்கு நண்பர் தம் சொந்தச் செலவில் கருங்கல் கொண்டுவந்தார். 1753 செப்டம்பரில் லாரன்ஸ் இன்னொரு வெற்றி பெற்ற இடத்தை இங்கிலீஷ்காரர்கள் சர்க்கரைக் கட்டிப் பாறை என்று அழைத்ததால் அதற்கு ஓர் உருண்டை வெல்லத்தை வைத்தோம்; அதனால் எறும்புகள் மூன்றாம் கட்சியாக யுத்தத்தில் நுழைந்து, எவருடைய உத்தரவுக்கும் கட்டுப்படாமல், அன்றைய ஆட்டத்தில் உண்மையான வெற்றியைப் பெற்றுச் சென்றன. ஸ்ரீரங்கத்துக்கு முதலில் கொலுவிலிருந்த மர ராஜகோபுரத்தை எடுத்து வைத்தேன். நண்பர் விடவில்லை. 236 அடி ராஜகோபுரம் 1987இல் அல்லவா பூர்த்தியாயிற்று, லா துரையின் காலத்தில் அங்கே நின்றது மொட்டைக் கோபுரம்தானே என்றார். நியாயந்தான், சிறுவயதில் அந்த மொட்டைக் கோபுரத்தின் நிழலில்தான் பம்பரம் விட்டேன். கோபுரத்தை எடுத்துவிட்டுத் தீப்பெட்டிகள் இரண்டை அடுக்கினேன்.

கோயிலைப் பற்றி எங்களுக்குள் ஒரு கண்டிப்பான விதி உண்டு: மூன்றாம் பிராகாரத்துக்குள் தாயம் உருட்டக் கூடாது. இதை நாங்கள் பயபக்தியால் இயற்றவில்லை, அதுவும் சரித்திரமே. லா சரணடைந்தபோது கோயிலுக்குள்ளிருந்த ஆயிரம் ராஜபுத்திரர்கள், மூன்றாவது மதிலைத் தாண்டி எவனாவது அடியெடுத்து வைத்தால் வெட்டிப் போட்டுவிடுவோம் என்று வெற்றி பெற்றவர்களிடமே சொன்னார்கள் என்றும், இங்கிலீஷ்காரர்கள் அந்த வீரத்தை மெச்சி உள்ளே வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள் என்றும் ராபர்ட் ஓர்ம் என்ற கும்பினி சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அந்த ஆயிரம் பேருக்குப் பிரதிநிதியாக என்னிடமிருப்பது பற்பசைப் பெட்டியிலிருந்து வந்த ஒரு காண்டாமிருகம். அது மூன்றாம் மதில்மேல் நிற்கிறது. அதற்கு மட்டும் வர்ணம் பூசவில்லை, முண்டாசும் கட்டவில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்த ஆட்டம் 1753 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ராத்திரி நேரத்தில் திருச்சிக் கோட்டை மதிலில் ஏணி வைத்து ஏறிய நிகழ்ச்சி. ஊர் தூங்குகிறது, வெளி மதிலில் ஒரு பீரங்கி மேடையைச் சந்தடியில்லாமல் பிடித்தாகிவிட்டது, இன்னும் ஒரு மதில் தாண்டினால் இரண்டு வருஷமாகக் கிட்டாத கோட்டை கைக்கு வந்துவிடும். அந்தச் சமயத்தில், இருட்டில் சிலர் இரு மதிலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்து கூவ, மேலே நின்றவர்கள் பிடித்த பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்துத் தங்கள் வருகையைத் தாங்களே அறிவித்துக்கொண்டார்கள். ஊர் விழித்துக்கொண்டது, நூற்றுக்கணக்கான பேர் கைதானார்கள். அந்த மதில்கள் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்ந்து, இப்போது மேலப் புலிவார்டு ரோட்டில் பஸ்கள் எழுப்புகிற ஓசைக்கு முன்னால் அந்தப் பீரங்கி எம்மாத்திரம்! மெயின் கார்டு கேட் மட்டும் மிச்சமிருக்கிறது. இதை ஆடும்போது பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வோர் அடிக்கும் தாயக்கட்டை உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் ஒருவன் பள்ளத்தில் விழுவான். எங்கள் திண்ணையில் பள்ளம் என்பது சாக்கடை. மிருதுவான பிளாஸ்டிக்கின் மேன்மையை அங்கேதான் உணரலாம்: எடுத்துக் குழாயில் கழுவினால் அடுத்த முற்றுகைக்கு ஆள் தயார். ஈயச் சிப்பாயாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறும்.

மாயப் பிராணிகளும் பூதங்களும் வருகிற கற்பனை யுத்தங்களை என் பேரன் விரும்புகிறான். அதற்கும் மலிவு பிளாஸ்டிக்தான் மூலகாரணம் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அமெரிக்காவில் ஜெனீவா ஏரி என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர், 1971இல் ‘செயின்மெயில்’ என்ற மத்தியகால யுத்த விதிகளை வெளியிட்டு, அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளையும் பறவைநாகங்களையும் சேர்த்துக்கொண்டவர். பூதங்களுக்குப் பொம்மை அகப்படாமல், மலிவுக் கடையில் பை நிறைய விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பிராணிகளை வாங்கிவந்தார். பூர்வகாலத்து மிருகங்கள் என்று பையில் அச்சிட்டிருந்ததே தவிர, அவை எந்தக் காலத்து மிருகங்களும் அல்ல. ஒன்றுக்கு வாலில் விசிறிச் சக்கரம் இருந்தது. அவர் அதைப் பார்த்து, இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி என்று பெயரிட்டார். மற்றொன்றைப் பார்த்து, ஆந்தைத் தலையுள்ள கரடி என்றார். 1974இல் அவரும் நண்பரும் சேர்ந்து வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உலகமெல்லாம் பரவ, அந்தப் பைப் பொம்மைகளும் புராணம் ஏறிவிட்டன.

இது என்ன பிரமாதம் என்று கேட்டு, பேரனைக் கோயிலிலுள்ள சேஷராயர் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற குதிரைகளும், அவற்றின்மேல் ஈட்டியோங்கிய வீரர்களும், அடியில் அகப்பட்ட புலிகளும், எல்லாம் ஒரே கல்லில், கோயிலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறார்கள். சிங்க உடலில் யானைத் துதிக்கை முளைத்த யாளியை எந்தச் சிற்பி எந்தப் பையிலிருந்து எடுத்தான்? வீட்டுக்கு வந்ததும் பேரன் பற்பசைச் சிங்கம் ஒன்றுக்கு எம்-சீலால் துதிக்கை வைத்தான். அது காய்வதற்குள் வளைந்து தாடியாகிவிட்டது. ஆயினும் அந்த யாளி இப்போது, நாங்கள் ஆடுகிற இன்னொரு பழைய யுத்தமான கண்ணனூர்க் கொப்பம் யுத்தத்தில், கவசமணிந்த ஹாங்காங் வீரர்கள் இருபுறமும் சூழ, போசளர் பக்கம் போர்புரிகிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத் தாயம் விழுவதில்லை என்பது அநுபவத்தில் தெரிந்த விஷயம்.

மொத்தச் சேனைக்கும் இதுவரை ஆன செலவு, எம்-சீல், பெவிகால், எனாமல் உட்பட, சீமைப் பெட்டியில் வருகிற ஒரே ஒரு பறவைநாகத்தின் விலைக்குக் குறைவு. பற்றாக்குறை குதிரைக்குத்தான். முராரி ராவின் படை ஆயிரக்கணக்கில் வந்தது என்கிறார்கள். என்னிடம் உள்ள குதிரைகளோ இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும், அவற்றிலும் ஒன்றுக்குப் பின்னங்கால் இல்லை. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய பற்பசைப் பிராணிகளோ, பிளாஸ்டிக் குதிரைக்காரர்களோ அகப்பட்டால், நெருப்பில் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை எரிப்பது கூடாதென்று சர்க்காரும் சொல்கிறது. அடுத்த தடவை பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வருகிறபோது கையோடு கொண்டுவாருங்கள். கால் ஒடிந்திருந்தாலும் பாதகமில்லை. வர்ணம் போயிருந்தாலும் பாதகமில்லை. நீர்யானை மட்டும் வேண்டாம், அது நிறைய இருக்கிறது.